அடுப்புப் புகையும் பெண்களின் நுரையீரலும்: நுரையீரல் மருத்துவர் பதில்கள்

செஞ்சியிலிருந்து: அம்மாவுக்கு 58 வயசு. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. டாக்டர் சி.ஓ.பி.டி.ன்னு (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) எழுதியிருக்கார். அது புகைபிடிக்கிற ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே சார்?

அம்மா எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தார் என்று கேளுங்கள் தம்பி. விறகு, வறட்டி, சவுக்குச் சுள்ளி எது எரிந்தாலும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் கிளம்பும். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். வருஷக்கணக்கில் இப்படிப் போனால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

"சிகரெட் உண்டா?" என்று கேட்கிறோம், "எதில் சமைக்கிறீங்க?" என்று கேட்பதில்லை. அதனாலேயே பல பெண்களுக்கு இந்த நோய் 'வயசாச்சு', 'பழைய சளி' என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போகிறது. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. எக்ஸ்ரே மட்டும் போதாது, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லுங்கள். போன நுரையீரல் திரும்பாது. ஆனால் புகையிலிருந்து விலகினால் மேலும் கெடும் வேகம் குறையும். இன்ஹேலர் 'பழகிடும்' என்று பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து: தங்கச்சி நாலு மாச கர்ப்பம். விறகுப் புகை குழந்தையை பாதிக்குமா டாக்டர்?

பாதிக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை எடை குறைவாகப் பிறப்பதோடு இதற்குத் தொடர்பு உண்டு. உங்கள் மாவட்டத்திலும் விழுப்புரத்திலும், கூடவே குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த புகை நன்றாகக் குறைந்தது, குழந்தையின் எடை கூடவில்லை. 2022-ல் முடிவு வெளியானது. கர்ப்பத்தின் நடுவில் மாற்றுவது தாமதம் என்பது என் கணிப்பு. கல்யாணமான வீட்டில் முதல் நாளிலிருந்தே கேஸ் இருக்க வேண்டும். தங்கச்சியை இன்றே புகையிலிருந்து விலக்குங்கள், அவள் நுரையீரலுக்காகவாவது.

அரியலூரிலிருந்து: கேஸ் இருக்கு சார். சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீரும் சோறும் மட்டும் விறகில்.

அந்த 'மட்டும்'தான் அதிக நேரம் எரிவது. சோற்றைக் குக்கருக்கு மாற்றுங்கள். வெந்நீர் அடுப்பை வெளியே, வாசல், ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வராத பக்கமாகப் போடுங்கள். காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர விறகு புகையைப் பல மடங்காக்கும்.

சென்னையிலிருந்து: எங்க வீட்டில் கேஸ்தான். தாளிச்சாலே இருமல்.

எண்ணெய் புகையும்வரை காய வேண்டாம். அதிக சூட்டில் பொரிக்கும் புகையை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கேஸ் சுடரிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அடுப்பு பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். சிம்னி வாங்கினால் குழாய் வெளியே போகும் வகையாக வாங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: முந்தானையை மூக்கில் கட்டிக்கலாமா?

துணி அந்தத் துகளையும் வாயுவையும் நிறுத்தாது.

ஊட்டியிலிருந்து: குளிருக்கு ராத்திரி கரி அடுப்பை ரூமில் வைக்கிறோம். கரியில் புகை இல்லையே?

புகை தெரியாததுதான் ஆபத்து. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். இன்று ராத்திரியே வெளியே எடுத்து வையுங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்திருந்தால் எல்லோரும் உடனே அறையை விட்டு வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.