சீனக்குடாக் குதங்களும் மகனின் படிப்பும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகன் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதியிருக்கிறான், எண்ணெய், எரிவாயுத் துறைக்கான பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான். "எண்ணெய் என்றால் குண்டும் நெருப்பும்தான், அவனை வேறு பக்கம் திருப்பி விடுங்கள்" என்று கேட்கிறீர்கள்.

இந்தப் பயம் வீண் பயம் இல்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கியபோது இங்குள்ள சீனக்குடாவில் ஒரு எண்ணெய்க் குதம், அதாவது பெரிய சேமிப்புத் தாங்கி, நாட்கணக்கில் எரிந்ததை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 2019 செப்டெம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையில் ட்ரோன்கள் விழுந்து, அந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பாதி ஒரே இரவில் நின்றது.

ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் எங்கும் குண்டு விழவில்லை. கான்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு மதில் நிழலில் குந்தியிருந்தோம். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பிரித்தானியர் கட்டிய பெரிய குதங்கள் நம் ஊரிலேயே நின்றன, ஆனால் எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. எங்கோ ஒரு கண்ணி அறுந்தால் நம் வீட்டு அடுப்பு வரைக்கும் வருகிறது. அந்தக் கண்ணிகளைக் காக்கிற வேலையைத்தான் உங்கள் மகன் கேட்கிறான் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் களஞ்சியம் இருந்தது. 2005 டிசெம்பர் 10 இரவு ஒரு தாங்கிக்குப் பெற்றோல் ஏறிக்கொண்டிருந்தது. விடியப்புறம் மூன்று மணியளவில், மட்டத்தைக் காட்டும் மானி அசையாமல் நின்றுவிட்டது. பெற்றோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நிரம்பினால் தானாக நிறுத்த வேண்டிய ஆளியும் (சுவிட்சும்) வேலை செய்யவில்லை. கூரையால் வழிந்த பெற்றோலின் ஆவி வெள்ளை மூடுபனி போலப் பரவி, காலை ஆறு மணிக்கு வெடித்தது. 20க்கு மேற்பட்ட தாங்கிகள் எரிந்தன, 43 பேர் காயப்பட்டார்கள். ஞாயிறு விடிகாலை என்பதால் உயிர்கள் தப்பின. மானி அசையவில்லையே என்று ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் போதும்.

அமெரிக்காவில் 2021 மே மாதம் நடந்தது இன்னொரு விதம். ஏறக்குறைய 8,850 கிலோமீற்றர் நீளமான கொலோனியல் எரிபொருள் குழாய்வழியை, கணினித் திருடர் புகுந்ததால், அதன் உரிமையாளர்களே நிறுத்த வேண்டி வந்தது. பழைய கணினிக் கணக்கொன்றின் கடவுச்சொல் அவர்கள் கையில் போயிருந்தது, அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. சில நாளிலேயே அங்கும் பெற்றோல் வரிசை.

ஆகவே தம்பி படிக்க வேண்டியது அளவீட்டுக் கருவிகள், தானியங்கிக் கட்டுப்பாடு, செயன்முறைப் பாதுகாப்பு, அவற்றோடு கணினிப் பாதுகாப்பும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி நன்றாக வந்தால் மொறட்டுவையில் இரசாயன, செயன்முறைப் பொறியியல். இல்லாவிட்டால் கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இருக்கின்றன. மின், இலத்திரனியல் வழியாகவும் இதே வேலைக்குப் போகலாம். புள்ளி எட்டவில்லையா? தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமை மட்டங்களில் ஏறலாம். அதைக் கீழான வழி என்று வீட்டில் சொல்லாதீர்கள். வால்வைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைக்கு எந்த ஆலையிலும் மரியாதை உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 2022 ஜனவரியில் சீனக்குடாவின் 61 குதங்களை இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து அபிவிருத்தி செய்ய ஒப்பந்தம் வந்தது. "ஊரிலேயே வேலை" என்று அதை மட்டும் நம்பி அவன் படிக்க வேண்டாம். உலகம் எண்ணெயை விட்டு மெல்ல விலகப் பார்க்கிறது. நல்ல காலமாக, மானியும் கட்டுப்பாட்டுப் பலகையும் எண்ணெய்க்கு மட்டும் உரியவை அல்ல. மா ஆலை, சீமெந்து ஆலை, நீர் வழங்கல், மின்நிலையம் எல்லாம் அவற்றால்தான் ஓடுகின்றன.

ஆபத்து? இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது பாதுகாப்புப் பயிற்சி எத்தனை நாள், வேலை ஆபத்தாகத் தெரிந்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டா என்று அவன் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே போக வேண்டாம்.

பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும் முன், அவனையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த அசையாத மானியின் கதையை அவனுக்கு முதலே சொல்லி வையுங்கள். அன்றிரவு கடமையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.