‘தி பிரிசனர்’ முதல் எபிசோடு: வெள்ளைப் பந்து எங்கிருந்து வந்தது?

‘தி பிரிசனர்’ தொடரின் முதல் எபிசோடு ‘அரைவல்’ 1967 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தில் ஒளிபரப்பானது. வேலையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும் ஓர் உளவாளியை மயக்கமடையச் செய்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு கிராமத்தில் கொண்டுபோய் அடைக்கிறார்கள். பெயரைப் பிடுங்கிக்கொண்டு ‘நம்பர் 6’ என்று எண் கொடுக்கிறார்கள். ‘ஏன் ராஜினாமா செய்தாய்?’ என்று குடைகிறார்கள். அவ்வளவுதான் கதை. இந்த எபிசோடு எப்படி எடுக்கப்பட்டது என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். கதையின் முடிச்சுகளைப் பதில்களில் அவிழ்த்திருக்கிறேன்.

கே: தப்பி ஓடுபவர்களைத் துரத்தும் அந்த வெள்ளைப் பந்து முதலிலிருந்தே திட்டத்தில் இருந்ததா? வேறு எந்த உளவுக் கதையிலும் இப்படி ஒரு காவலாளியைப் பார்த்ததில்லை.

ப: திட்டத்தில் இருந்தது வேறு. ‘ரோவர்’ என்று பெயரிட்ட காவல் இயந்திரம் ஒன்றைத்தான் செய்து வைத்திருந்தார்கள். கோ-கார்ட் போன்ற ஒரு சிறிய வண்டி, அதை முழுக்க மூடிய ஒரு கூடு, உச்சியில் சுழலும் விளக்கு. உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டவேண்டும். நிலத்தில் ஓடி, நீரில் போய், சுவரிலும் ஏறவேண்டும் என்பது ஆசை. படப்பிடிப்பில் அது சரியாக வேலை செய்யவே இல்லை. கடலுக்குள் இறங்கியது திரும்பி மேலே வரவில்லை என்று தொடரின் நாயகனும் அதை உருவாக்கியவருமான பேட்ரிக் மெக்கூஹன் 1977-இல் கனடாவில் கொடுத்த பேட்டியில் சொன்னார். கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவரும் தயாரிப்பு நிர்வாகி பெர்னார்ட் வில்லியம்சும் வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார்களாம். வானிலை ஆய்வுக்கு விடும் பலூன். வில்லியம்ஸ் காரை எடுத்துக்கொண்டு போய் அந்த மாதிரி பலூன்களை வாங்கி வந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் எளிய வேலைகள்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் கட்டி இழுப்பது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க உள்ளே கொஞ்சம் தண்ணீர் விடுவது. பலூன் விலகிப் போவதைப் படம்பிடித்து அதைப் பின்னோக்கி ஓட்டித் துரத்துவதாகக் காட்டுவது. ஒருவரை மூச்சடைக்க வைக்கும் காட்சியில் நாம் பார்ப்பது முகத்தின் மேல் இழுத்துப் பிடித்த ரப்பர் படலம். இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அது முதலில் தோன்றும் இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சதுக்கத்தில் எல்லாரும் உலாவிக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ‘அசையாதே’ என்று கட்டளை. ஊரே சிலையாகிவிடுகிறது. நீரூற்றின் பீச்சல் மேல் ஒரு சின்ன வெள்ளைப் பந்து துள்ளிக்கொண்டிருக்கிறது; குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி. அதுவே பெரிதாகி, கட்டளையை மீறி அசைந்த ஓர் இளைஞனை அமுக்குகிறது. முடிந்ததும் எல்லாரும் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி நடக்கத் தொடங்குகிறார்கள். இதை இயக்கியவர் டான் சாஃபி. 1963-இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தின் இயக்குநரும் அவரே. அந்தப் படத்தில் எலும்புக்கூடுகள் வாள் வீசும் சண்டைக்காக ரே ஹாரிஹவுசன் மாதக்கணக்கில் பொம்மைகளை அணு அணுவாக நகர்த்தினார். இங்கே அதே இயக்குநர் கையில் கிடைத்தது ஒரு பலூன். பயம் எந்த விதத்திலும் குறையவில்லை. இயந்திர வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால் இன்று அதைப் பார்த்து 1960-களின் பழைய சாமான் என்று ஒதுக்கியிருப்போம் என்பதே என் எண்ணம். கண், வாய், சக்கரம் எதுவும் இல்லாததால்தான் பந்துக்கு வயதாகவில்லை.

கே: அந்தக் கிராமம் செட்டா, நிஜமா?

ப: நிஜம். வட வேல்ஸில், ட்வைரிட் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய போர்ட்மெரியன். ஆனால் ‘நிஜமான ஊர்’ என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அது ஒரே மனிதரின் கற்பனையில் பிறந்த ஊர். கட்டடக் கலைஞர் கிளாஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925-இல் அந்த இடத்தை வாங்கி, நடுவில் போர்க்கால இடைவெளி விட்டு, 1970-கள் வரை கட்டிக்கொண்டே இருந்தார். எங்காவது ஒரு பழைய மாளிகையை இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் அதன் தூண், வாசல், கூரை என்று எதையாவது வாங்கிக் கொண்டுவந்து இங்கே பொருத்திவிடுவார். எம்ரல் ஹால் என்ற மாளிகையை இடித்தபோது, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் வளைந்த சுண்ணாம்புக் கூரையை அப்படியே காப்பாற்றி, அதற்காகவே ஒரு மண்டபம் கட்டினார். சில சுவர்களில் ஜன்னல்கள் வெறும் ஓவியம். கட்டடங்களின் மேல்பகுதியை அளவில் சிறிதாக்கி, உள்ளதைவிட உயரமாகத் தெரியும்படி செய்திருப்பார்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேமரா வருவதற்கு முன்பே அந்த ஊர் கண்ணைக் கொஞ்சம் ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தது. இத்தாலிய மணிக்கூண்டு, பக்கத்தில் ஆங்கிலத் தோட்டம், அதன் பின்னால் வேல்ஸ் மலை. இது எந்த நாடு என்று நாயகனுக்குப் புரியவில்லை என்றால் நமக்கும் புரியாது. அந்தக் குழப்பத்தை எந்த கலை இயக்குநராலும் இவ்வளவு இயல்பாகக் கட்டியிருக்க முடியாது.

மெக்கூஹனுக்கு இடம் முன்பே பழக்கம். அவர் உளவாளி ஜான் டிரேக்காக நடித்த ‘டேஞ்சர் மேன்’ தொடரில் முதலில் ஒளிபரப்பான 1960-ஆம் வருட எபிசோடில் இதே போர்ட்மெரியன் இத்தாலிய ஊராக வந்திருக்கிறது. ‘தி பிரிசனர்’ ஓடி முடியும்வரை ஊரின் பெயரை வெளியிடவில்லை. கடைசி எபிசோடின் தொடக்க எழுத்துகளில்தான் போர்ட்மெரியன் ஹோட்டலுக்கும் வில்லியம்ஸ்-எல்லிஸுக்கும் நன்றி வருகிறது.

கே: நம்பர் 6 வீடு வெளியிலிருந்து பார்த்தால் குட்டியாக இருக்கிறது. உள்ளே போனால் இவ்வளவு பெரிய அறைகளா?

ப: வெளிப்புறம் போர்ட்மெரியன், உட்புறம் லண்டனுக்கு அருகே போரம்வுட்டில் இருந்த எம்ஜிஎம் ஸ்டுடியோ. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நாட்டின் அகலம். எபிசோடின் மிக அழகான தருணமே இந்த ஒட்டில்தான் இருக்கிறது. மயக்கம் தெளிந்து எழுகிறார்; தன் லண்டன் அறை மாதிரியே இருக்கிறது; ஜன்னலைத் திறக்கிறார்; வெளியே வேறு உலகம். அறை ஸ்டுடியோவில், ஜன்னல் காட்சி வேல்ஸில். ஒரே வெட்டு.

கிராமத்தை நிர்வகிக்கும் ‘நம்பர் 2’ உட்காரும் வட்ட அறையையும் கவனியுங்கள். கலை இயக்குநர் ஜாக் ஷாம்பன் ஒரு பெரிய வட்ட செட்டைப் போட்டு, சாமான்களை மாற்றி மாற்றி அதையே கட்டுப்பாட்டு அறையாகவும் மற்ற அறைகளாகவும் பயன்படுத்தினார். சிக்கனம்தான். ஆனால் எந்தக் கதவைத் திறந்தாலும் அதே வட்டத்துக்குள் வந்து நிற்கிறோம் என்ற உணர்வு கதைக்குப் பொருந்திப்போகிறது.

கே: டைட்டில் காட்சியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்குபவர் யார்?

ப: ஜார்ஜ் மார்க்ஸ்டைன். தொடரின் ஸ்கிரிப்ட் எடிட்டர், அதாவது திரைக்கதைகளைச் செப்பனிடும் ஆசிரியர். டேவிட் டாம்ப்ளினோடு சேர்ந்து இந்த எபிசோடை எழுதியவரும் அவரே. எழுதியவரின் மேஜையில்தான் நாயகன் ராஜினாமாக் கடிதத்தை வீசி, ஓங்கிக் குத்துகிறான்! வசனம் கிடையாது, இசையும் இடிச்சத்தமும் மட்டும். பின்னாளில் மார்க்ஸ்டைனே மெக்கூஹனோடு ஒத்துப்போக முடியாமல் தொடரைப் பாதியில் விட்டு விலகினார். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் காட்சி கனமாகிவிடுகிறது.

கிராமம் என்ற யோசனைக்கும் அவர் பங்கு பெரிது. இரண்டாம் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தில் இன்வர்லேர் லாட்ஜ் என்ற வீட்டில், ரகசியங்கள் அதிகம் தெரிந்த, ஆனால் இனி களத்துக்கு அனுப்ப முடியாத ஆட்களைப் பிரிட்டிஷ் உளவுத்துறை வசதியாகத் தங்கவைத்துக் காவல் காத்தது. மார்க்ஸ்டைனுக்கு அது தெரியும்.

கே: அப்படியானால் நம்பர் 6 என்பவர் ‘டேஞ்சர் மேன்’ ஜான் டிரேக்தானே?

ப: மார்க்ஸ்டைன் ஆமாம் என்றார். மெக்கூஹன் கடைசிவரை இல்லை என்றார். நான் மெக்கூஹன் பக்கம். பெயர் தெரிந்துவிட்டால் அந்த மனிதனின் போராட்டமே சுருங்கிவிடும்.

கே: நம்பர் 6-இன் பிறந்த நாள் ஒரு இடத்தில் சொல்லப்படுகிறதே?

ப: காலை 4.31 மணி, 1928 மார்ச் 19. தேதி மெக்கூஹனுடைய சொந்தப் பிறந்த நாள். டைட்டிலில் ‘எக்ஸ்’ அடித்துத் தள்ளப்படும் புகைப்படமும் அவருடைய விளம்பரப் படம்தான். தன்னையே அடித்துப் போட்டுக்கொண்டு தொடரை ஆரம்பிக்கிறார்.

கே: தினமும் காலையில் இனிமையாக வணக்கம் சொல்லும் அந்த ஒலிபெருக்கிக் குரல்?

ப: நடிகை ஃபெனெல்லா ஃபீல்டிங். திரையில் பெயர் போடவில்லை.

கே: துணை நடிகர்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரே எபிசோடில் நம்பர் 2 ஆள் மாறியது ஏன்?

ப: அந்த மாற்றம் வேண்டுமென்றே செய்தது. முதலில் கை டோல்மன், பாதியில் ஜார்ஜ் பேக்கர். பதவி மட்டும் நிலைக்கும், ஆள் போய்க்கொண்டே இருப்பான் என்பதை முதல் நாளே காட்டிவிடுகிறார்கள். பழைய நண்பன் காப்-ஆக வருபவர் பால் எடிங்டன். ‘யெஸ் மினிஸ்டர்’ நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அவரை இங்கே பார்ப்பது ஆச்சரியமாக இருக்கும். செத்துவிட்டதாக நினைத்த காப் கடைசியில் நிதானமாகக் கிளம்பிப் போவதை அவர் நடித்திருக்கும் விதம், நட்பு என்ற சொல்லின் மேலேயே சந்தேகம் வரவைக்கும்.

என் மனதை விட்டு அகலாதவர் வர்ஜீனியா மாஸ்கெல். ஹெலிகாப்டரைக் கிளப்ப உதவும் கருவியை நம்பர் 6-இடம் கொடுக்கும் பெண். உதவுகிறாளா, ஏவப்பட்டு நடிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாத மாதிரி ஒரு முகம். ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டு அறையின் விசையில் திரும்பி வந்து இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் சதுரங்கம் ஆடும் முதியவர் நாமெல்லாரும் காய்கள்தான் என்கிறார். மாஸ்கெல் 1968 ஜனவரியில், 31 வயதில் இறந்துபோனார். தொடர் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கே: வண்ணக் குடைகள், கோடு போட்ட கூரையுள்ள டாக்சிகள்... இவ்வளவு நிறம் எதற்கு?

ப: அமெரிக்கச் சந்தைக்காக. 35 மி.மீ. வண்ணப் படச்சுருளில் எடுத்தார்கள். ஆனால் தொடரை ஒளிபரப்பிய பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐடிவி வண்ணத்துக்கு மாறியது 1969 நவம்பரில். ஆகவே 1967-இல் பிரிட்டனில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். அமெரிக்காவில் சிபிஎஸ் 1968 கோடையில் வண்ணத்தில் காட்டியது. இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். சிறைச்சாலை இவ்வளவு பளிச்சென்று இருப்பதுதான் கொடுமை, வண்ணத்தில் பாருங்கள்.

கே: முதல் எபிசோடுக்கு வேறொரு வடிவம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ப: உண்மை. ஒளிபரப்புக்கு முன் தொகுத்த வடிவம் ஒன்று பிழைத்து, டிவிடி தொகுப்புகளிலும் வந்தது. முதலில் இசையைக் கேளுங்கள். நாம் அறிந்த முகப்பு இசை ரான் கிரெய்னருடையது. ‘டாக்டர் ஹூ’வுக்கும் இசை தந்தவர். அவருக்கு முன் ராபர்ட் ஃபார்னன், வில்ஃப்ரெட் ஜோசஃப்ஸ் இருவரின் முயற்சிகளும் தள்ளப்பட்டன. பழைய தொகுப்பில் இருப்பது ஜோசஃப்ஸின் இசை. பதற்றமும் நெருடலுமாக, நிஜமாகவே நல்ல இசை. ஆனால் அது ஓர் ஆள் பயப்படும் இசை. கிரெய்னர் முதலில் கொடுத்த மெட்டும் மென்மையாகத்தான் இருந்தது. மெக்கூஹன் வேகமும் பலமும் கேட்டு வாங்கினார். இப்போது நாம் கேட்பது கோபப்படும் மனிதனின் இசை. மெக்கூஹன் கேட்டது சரி என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் புரியும்.

அப்புறம் முடிவு எழுத்துகள். கிராமத்தின் சின்னம், முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் குட்டியாகவும் உள்ள பழைய சைக்கிள். உலகம் நிதானிக்காமல் வேகமாக முன்னேறுவதைப் பற்றிய தன் கவலையை அதில் வைத்ததாக மெக்கூஹன் சொல்லியிருக்கிறார். நாம் பார்க்கும் வடிவத்தில் அந்த சைக்கிள் வரையப்பட்டு முடிந்ததும், கடலடியிலிருந்து வெள்ளைப் பந்து எழுந்து வரும். பழைய தொகுப்பில் பந்து இல்லை. சக்கரங்களில் ஒன்று பூமியாகவும் மற்றொன்று விண்மீன்கள் நிறைந்த பிரபஞ்சமாகவும் மாறுகின்றன. பூமி நம்மை நோக்கிப் பாய்ந்து, ‘பாப்’ என்ற எழுத்துகளோடு வெடிக்கிறது.