சென்னையிலிருந்து யாராவது சிறுகோள் கண்டுபிடித்திருக்கிறார்களா?

ஒன்றல்ல, ஐந்து. அத்தனையும் ஒரே ஆள் கைவரிசை: நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். 1861இல் மதராஸ் வந்து சேர்ந்தவர், அந்த ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதியே முதல் சிறுகோளைப் பிடித்துவிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். வரிசை எண் 67.

அன்றைக்கு இந்த வேலையில் புகைப்படம் கிடையாது. தொலைநோக்கியில் சிறுகோளும் மங்கலான விண்மீனும் ஒன்றுபோலவே தெரியும். நகர்வு ஒன்றுதான் வேறுபாடு. எனவே வானத்தில் கோள்கள் நடமாடும் பகுதியில் உள்ள விண்மீன்களை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டு, வானத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். தாளில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அது விடுபட்ட விண்மீனாகவும் இருக்கலாம், ஒளி கூடிக் குறையும் விண்மீனாகவும் இருக்கலாம். அடுத்த இரவு அது சற்றே தள்ளி நின்றால்தான் சிறுகோள். நடுவில் மேகம் மூடினால் பாடு திண்டாட்டம்தான். விண்மீன்களின் ஒளியளவுக்கு இன்றும் வழங்கும் கணக்கை 1856இலேயே வகுத்தவர் போக்சன் என்பதால், பிரகாசத்தை மதிப்பிடுவதில் அவர் கண் தேர்ந்த கண்.

அடுத்து சாஃபோ (1864), சில்வியா (1866), கமிலா (1868), வேரா (1885). இவற்றில் கமிலா நவம்பரில் கிடைத்தது. சென்னையின் நவம்பர் வானத்தை அறிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் ஐந்தில் மணியானது சில்வியாதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில், ஏறத்தாழ 270 கிலோமீட்டர் சராசரி விட்டத்தோடு சுற்றும் பெரிய சிறுகோள். அதற்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2005இல் அறிவிக்கப்பட்டது. ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலாக்கள் என்று உறுதியானது அதுவே முதல் முறை. ரோமுலஸ், ரெமுஸ் என்று அவற்றுக்குப் பெயர். நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கலாம்.

போக்சன் 1891 ஜூனில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தகட்டின் உதவியால் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிக்க, கண்ணால் தேடும் முறை மெல்ல வழக்கொழிந்தது. வேராவுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து அடுத்த கண்டுபிடிப்புக்கு ஒரு நூற்றாண்டு ஆனது: 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்த 4130ஆம் எண் சிறுகோள். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

நீங்களும் தேடலாம். ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி ஒரே வானப்பகுதியை அடுத்தடுத்து எடுக்கும் படங்களை, பன்னாட்டுத் தேடல் திட்டம் ஒன்று பள்ளிக் குழுக்களுக்கு இலவசமாக வழங்குகிறது. படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நகரும் புள்ளியைத் தேட வேண்டும். ஆனால் சுற்றுப்பாதை உறுதியாகி நிரந்தர எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகுதான் பெயர் வைக்கும் பேச்சே.