காட்டில் வழிகாட்டவும் பட்டப்படிப்பா?

கேள்வி: பள்ளி இறுதியாண்டில் படிக்கும் எனக்கு மலையேற்றத்திலும் பறவை நோக்குவதிலும் ஆர்வம் அதிகம். இயற்கைச் சுற்றுலாவையும் வழிகாட்டிப் பணியையும் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே படிக்கலாம் என்று அறிந்தேன். காடு மலை சுற்றுவதற்கு மூன்றாண்டுப் படிப்பா என்று வீட்டில் கேட்கிறார்கள். அங்கே என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

பதில்: வீட்டாரின் கேள்வி நியாயமானதுதான். காடு மலை சுற்றுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால், முன்பின் அறிமுகமில்லாத பத்துப் பன்னிரண்டு பேரை, அவர்களில் ஒருவருக்குப் புதுக் காலணி கடித்துக் கொப்புளம் கண்டிருக்க, இன்னொருவர் தண்ணீரே கொண்டுவராதிருக்க, இருட்டுவதற்குள் அடிவாரம் சேர்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். இந்தப் படிப்பின் நடுநாயகம் காடு அல்ல, காட்டுக்கு வருகிற மனிதர்களே. தனிமையை நாடித்தான் நீங்கள் மலைக்குச் செல்கிறீர்கள் என்றால், விலங்கியலோ வனவியலோ உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

பாடங்களில் முதலாவது, பயணத் திட்டம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி, 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு மூன்று மணி நேரம் ஆகும். இது ஓய்வின்றி நடக்கும் திடகாத்திரமானவருக்கான கணக்கு. குழுவில் மிக மெதுவாக நடப்பவரை வைத்து அதை மாற்றி எழுதவும், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் குறித்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிடவும் பழக்குவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. வரைபடமும் திசைகாட்டியும் எளிதில் கைவந்துவிடும். ஆசையோடு வந்தவர்களிடம் 'இல்லை, திரும்புகிறோம்' என்று சொல்லும் துணிவு அவ்வளவு எளிதில் வருவதில்லை.

அடுத்தது முதலுதவி. வழக்கமான முதலுதவிப் பயிற்சி, ஆம்புலன்ஸ் சற்று நேரத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. மலைப்பகுதியில் உதவி வரப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், இத்துறைக்கென உள்ள, காடுமலைப் பகுதிகளுக்கான முதலுதவிப் பயிற்சி ஏறத்தாழ 70 முதல் 80 மணி நேரம் நடக்கிறது. கணுக்கால் முறிந்ததாக நடிக்கும் சக மாணவருக்குக் கையிலிருக்கும் பாயையும் துணியையும் கொண்டு கட்டுப்போட வேண்டும். அதற்குள் அவர் உடல் குளிர்ந்து விறைத்துவிடாமல் தரைக்கும் உடலுக்கும் இடையே எதையாவது விரிக்க வேண்டும். சுற்றி நிற்கும் மற்றவர்களையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு, விளக்கிச் சொல்லும் கலை. நீங்கள் பறவை நோக்குபவர் என்பதால் இதில் ஒரு எச்சரிக்கை: உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடத் தோன்றும். ஆந்தை இனங்களின் பட்டியலை ஒப்பிப்பதைவிட, மரத்தடியில் கிடக்கும், ஆந்தை கக்கிய சாம்பல்நிற உருண்டையைக் குச்சியால் பிரித்து, உள்ளே இருக்கும் எலியின் தாடை எலும்பைக் காட்டுவது மேல். அதன்பின் கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.

சுற்றுச்சூழல் பாதிப்பு, சந்தைப்படுத்தல், காப்பீடு, விலை நிர்ணயம் ஆகியவையும் பாடத்திட்டத்தில் உண்டு. மலம் கழிப்பதற்கான குழியைப் பொதுவாக நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்ட வேண்டும் என்பது வரை சொல்லித் தருவார்கள். சிரிக்க வேண்டாம், பலரும் தவறுவது இதில்தான்.

வீட்டாரிடம் மறைக்கக் கூடாத செய்தி ஒன்றும் உண்டு. பட்டமும் வழிகாட்டி உரிமமும் ஒன்றல்ல. உயர்மலை வழிகாட்டிகளுக்கு, 1965-இல் உருவான, மலை வழிகாட்டிச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் (IFMGA) அங்கீகாரம் பெற்ற தனிப் பயிற்சியும் தேர்வுகளும் இருக்கின்றன. அவற்றை முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். வேலையும் பெரும்பாலும் பருவத்தைப் பொறுத்தது. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடங்களைப் பார்க்காமல், ஆண்டுக்கு எத்தனை இரவுகள் களத்தில் கழியும், மாணவர் குழுவை நடத்திச் செல்வதை அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் உடன் நடந்து மதிப்பிடுகிறாரா, முதலுதவிச் சான்றிதழ் கட்டணத்தில் அடங்குமா என்று கேளுங்கள். களநாட்களைத் தெளிவாகச் சொல்லத் தயங்கும் கல்லூரி சுற்றுலா மேலாண்மையை வேறு பெயரில் விற்கிறதோ என்று நான் ஐயப்படுவேன்.

கேள்வி: நான் அலுவலகப் பணியில் இருப்பவன், நாற்பதை நெருங்குகிறேன். இனி இதைப் படிக்க உடல் ஒத்துழைக்குமா?

பதில்: முதுகுப்பையுடன் நாள் முழுதும் நடந்து, மறுநாளும் நடக்க முடிந்தால் போதும், வேகம் தேவையில்லை. பலதரப்பட்ட மனிதர்களுடன் பழகிய உங்கள் அனுபவம் இளைய மாணவர்களுக்கு இல்லாத கூடுதல் தகுதி. வேலையை விடுவதற்கு முன், விடுமுறையில் காடுமலைப் பகுதிகளுக்கான முதலுதவிப் பயிற்சியை மட்டும் முடித்துப் பாருங்கள். அதில் சேரப் பட்டமோ மாணவர் அடையாளமோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை.