உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுவதைக் குடும்பத்தோடு பார்க்க முடியுமா? எப்போது போவது?

பார்க்கலாம். ஆனால் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, டிபன் முடித்து, 10 மணிக்கு வண்டியை எடுப்பதாக இருந்தால் போகவே வேண்டாம். அதற்குள் பதனி (பனையில் இறக்கும் இனிப்புச் சாறு) அடுப்பில் ஏறியிருக்கும்.

பங்குனியிலிருந்து ஆனி வரை சீசன். சித்திரை, வைகாசிதான் உச்சம். விடியற்காலை 5.30-க்குப் பனை மரத்தடியில் நில்லுங்கள். பாளை, அதாவது பூந்தண்டின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவினால்தான் சாறு ஊறுவது நிற்காது. சாறு சொட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும். அது குறைந்தால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987 முதல் தடை. புளித்த பதனி கருப்பட்டியாக இறுகவும் செய்யாது. சுண்ணாம்பு கூடினால் நாக்கில் காரும். ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவதை அங்கேயே குடித்துவிடுங்கள். பாட்டிலில் அடைத்துக் காரில் வைத்தால் மதுரை வருமுன் மூடி தெறிக்கும்.

பிறகு விடிலிக்கு, அதாவது பதனி காய்ச்சும் குடிசைக்குப் போங்கள். 2, 3 மணி நேரம் கொதிக்க வேண்டும். பொங்கினால் இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார்கள், நுரை அடங்கும். கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். கரையாமல் உருண்டால் இறக்கி, துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றுவார்கள். முந்தி இறக்கினால் கசியும், பிந்தினால் அடிப்பிடித்துக் கசக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாளே பேசி வையுங்கள், காசும் கொடுங்கள். வேலை நடக்கிற இடம் அது. மரத்தில் நிற்பவரை “அண்ணாச்சி, இந்தப் பக்கம் திரும்புங்க” என்று போட்டோவுக்குக் கூப்பிடாதீர்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். 1 கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதனி வேண்டும், விறகு தனி. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ‘பஸ் ஸ்டாண்டில் பாதி விலைதானே’ என்று பேரம் பேசுகிறவர்களால்தான் சீனிப்பாகு கலந்த சரக்கு ஓடுகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வந்ததை வைத்து ‘உடன்குடி’ என்று எழுதிய பெட்டியை எல்லாம் நம்பிவிட முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை: இதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான், அளவாகச் சாப்பிடுங்கள். உடனே பனைக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வாங்கியதை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஓலைப்பெட்டி கேளுங்கள்.