வெண்கல நாணயத்தில் வெளிர்பச்சைத் தூள்: துலக்குவதா, விட்டுவைப்பதா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே நடந்த ஓர் ஏலத்தில் மூன்று பண்டைய கிரேக்க வெண்கல நாணயங்களை வாங்கி எனக்குக் கொடுத்தான். ஒன்று அலெக்சாண்டர் பெயர் பொறித்தது. ஒன்று எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களுடையது. மற்றொன்று சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிரக்கூஸினுடையது. சென்னைக்கு வந்த எட்டு மாதத்தில் அலெக்சாண்டர் நாணயத்தின் ஓரத்தில் வெளிர்பச்சையாகத் தூள் பூத்திருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? தாலமி நாணயத்தின் நடுவில் இரு பக்கமும் சிறு குழி இருக்கிறது. அது போலியா? – ஒரு வாசகர், சென்னை.

பதில்: தயவுசெய்து புளியை அந்த நாணயத்தின் அருகில் கொண்டுபோக வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பல் துலக்கும் பசை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். குத்துவிளக்கைத் துலக்கும்போது களிம்பு போய் உலோகம் பளபளக்க வேண்டும் என்பதே நம் நோக்கம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய நாணயத்தின் நிலை அதற்கு நேர்மாறானது. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் அதன் மேற்பரப்பு உலோகமே மெல்ல மெல்லச் செப்பு ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறி, கெட்டியான பச்சை அல்லது பழுப்புப் படலமாகிவிடுகிறது. நாணய முகத்தில் வடித்த சிங்கத்தோலின் பிடரிமயிர்க் கீற்றுகள், எழுத்துகளின் கூர்மை போன்ற நுண்ணிய விவரங்கள் பல நேரங்களில் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அமிலம் அதைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது குழிகள் நிறைந்த, செந்நிறமான, முகம் அழிந்த ஒரு வில்லை மட்டுமே. செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டிய மலம் என்று சைவ சித்தாந்தம் களிம்பை நீக்க வேண்டியதற்கு உவமையாக்கியது. நாணயம் சேகரிப்பவர்களுக்கோ அந்தக் களிம்புதான் காப்பாற்ற வேண்டிய செல்வம்.

ஆனால் நீங்கள் குறிப்பிடும் தூள் அந்த நல்ல களிம்பு அல்ல என்றே நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ள, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பல்குத்தும் மரக்குச்சியால் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வழுவழுப்பாக இருந்தால் அது படலம், விட்டுவிடலாம். சுண்ணாம்புபோல் உதிர்ந்து, அடியில் சிறு பள்ளம் தெரிந்தால் அதுதான் நாணயவியலில் வெண்கல நோய் என்று சொல்லப்படுவது. பெயரில் நோய் இருந்தாலும் இதில் கிருமி எதுவும் இல்லை. மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உலோகத்தின் உட்புறம் பதுங்கியிருக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்பட்டு, நல்ல உலோகத்தைத் தாக்கி மீண்டும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்குகிறது. இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. ஜெர்மனியில் வெப்பமூட்டப்பட்ட, உலர்ந்த அறையில் உறங்கிக்கொண்டிருந்த குளோரைடு சென்னையின் காற்றில் விழித்துக்கொண்டது என்பதே என் ஊகம். உங்கள் மகன் ஏமாந்துபோய்விட்டார் என்று கருத வேண்டாம். வாங்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்த நாணயத்தை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்து வையுங்கள். தூளை மரக்குச்சியால் மட்டும் நெருடி எடுங்கள். ஊசியோ கம்பித் தூரிகையோ வேண்டாம். பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நாணயத்தை ஊறவிடுங்கள். குழாய் நீர் கூடாது, ஏனெனில் அதிலேயே குளோரைடு இருக்கிறது. முதல் வாரம் நாள்தோறும், பிறகு வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். இது சில நாள் வேலை அல்ல. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் சேர்ந்த சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல் இன்னும் வலுவாக வேலை செய்யும் என்றாலும், படலத்தின் நிறத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால் முதல் முயற்சியாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளை அருங்காட்சியக ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. அது உடலுக்குத் தீங்கானது, வீட்டில் கையாளத் தகுந்ததன்று.

ஊறல் முடிந்ததும், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தொலைவில், அசிட்டோனில் ஒருமுறை அமிழ்த்தி எடுத்து நன்றாக உலர்த்துங்கள். பின்னர் மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சு ஒன்றை நாணயத்தின்மீது படாமல் வைத்து இரண்டு நாள் பாருங்கள். புதிதாகப் பச்சைப் புள்ளி தோன்றினால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் ஊறவிட வேண்டும். தோன்றாவிட்டால் மீண்டும் உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகப் பூசிவிடலாம்.

இதைவிட முக்கியம், அதன் பிறகு வைக்கும் இடம். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்த வினை ஏறக்குறைய அடங்கிவிடும். சென்னை வீட்டில் அறையை அப்படி வைத்திருப்பது நடவாத காரியம், ஆனால் ஒரு டப்பாவை வைத்திருக்கலாம். இறுக்கமாக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஆகிய மூன்றும் போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறும்போது சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள். நாணயம் இப்போது மெத்தென்ற பிவிசி உறையில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் சிதைந்து, வெண்கலத்தில் பிசுபிசுப்பான பச்சை மாசை உண்டாக்கும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையே ஏற்றது.

இனி தாலமி நாணயத்தின் குழிக்கு வருகிறேன். அது உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. இரு பக்கமும் நேர் மையத்தில் குழி இருப்பது இவ்வரிசையின் பெரிய நாணயங்களில் மிக இயல்பானது. வார்த்தெடுத்த வில்லையைக் கடைசலில் பிடித்து முகத்தைச் சமப்படுத்தியதன் தடம் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முன்பக்கம் ஆட்டுக்கொம்புடைய சியுஸ் அம்மோன் என்ற தெய்வம், பின்பக்கம் இடியேறின்மேல் நிற்கும் கழுகு என்று இருந்தால், வரிசை சரிதான். நாணயத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட சிறு துண்டு துருத்தியிருந்தாலும் கலங்காதீர்கள். வில்லைகளைச் சங்கிலித்தொடராக வார்த்து, துண்டித்து, அதன் பிறகே அச்சுகளுக்கிடையில் வைத்து அடித்தார்கள். ஐயப்பட வேண்டியவை வேறு: விளிம்பைச் சுற்றி ஓடும் இணைப்புக் கோடு, மேற்பரப்பில் உருண்டையான காற்றுக் குமிழிக் குழிகள், சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கிய எழுத்துகள். இவை மூல நாணயத்திலிருந்து அச்செடுத்து வார்த்த போலிகளின் அடையாளங்கள். மணற்படலம் போர்த்தியதுபோல் தோன்றும் நாணயத்தையும் கவனியுங்கள். பசையால் ஒட்டிய மணல் பல சமயங்களில் அசிட்டோனில் கழன்று வரும். இயற்கையாகப் படிந்தது வராது.

சிரக்கூஸ் நாணயத்தில் கிரேக்கக் கடல் தெய்வமான பொசைடனின் தலையும் மூன்று முனைச் சூலமும் இருந்தால், அது கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ஹியரோன் காலத்தது. இன்று ஏராளமாகக் கிடைப்பது. அலெக்சாண்டர் நாணயத்தில் சிங்கத்தோல் போர்த்திய முகம் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்கிளிசுடையது. அது மன்னரின் உருவம் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. மன்னருக்கு உரியது பின்பக்கம், வில்லுறைக்கும் கதாயுதத்துக்கும் இடையே ‘அலெக்சாண்டருடைய’ என்று ஆறாம் வேற்றுமையில் நிற்கும் பெயர்தான். கி.மு. 323இல் அவர் இறந்த பின்னும் அப்பெயரில் நாணயங்கள் அடிக்கப்பட்டதால், அவர் கையில் புழங்கியது என்று உறுதி சொல்லிவிட முடியாது. வெண்கலம் சந்தையின் சில்லறை. ஏதென்ஸ் கணக்கில் கால்கஸ் என்ற வெண்கலக் காசு எட்டு சேர்ந்தால் ஓர் ஒபோல், ஆறு ஒபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா என்ற வெள்ளி நாணயம். ஆகவே தேய்ந்திருப்பது குறை அல்ல, மீனுக்கும் ரொட்டிக்கும் கைமாறிய தடம்.

கடைசியாக ஒன்று: ஏல நிறுவனத்தின் ரசீதையும் பட்டியல் படத்தையும் நாணயங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயங்கள் தொல்பொருள்களே. அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. எனவே சிகிச்சைக்காக ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பலாம் என்ற யோசனை இருந்தால், அதைக் கைவிட்டு இன்றே டிஸ்டில்டு வாட்டரை வாங்கிவிடுங்கள்.