ஹேர் ஜெல் அட்டையில் இருக்கும் பிவிபி: கேள்வி பதில்

அழகுசாதனக் கலவை லேபில் இருக்கிறேன். ஜெல்லில் முடியை நிறுத்திவைக்கச் சேர்க்கும் பிவிபி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஜெல், மஸ்காரா, மாத்திரை மூன்றிலும் பிவிபி என்று போட்டிருக்கிறது. பிவிசி பைப்புக்குச் சொந்தமா?

பதில்: இரண்டும் வினைல் வம்சம்தான், குணம் வேறு. பிவிசி தண்ணீரில் கரையாது. பிவிபி, அதாவது பாலிவினைல் பைரோலிடோன், நன்றாகக் கரையும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகிவிடும். முடியை நிறுத்தி வைப்பதும் மாத்திரைத் தூளைப் பிடித்து வைப்பதும் அந்தப் படலம்தான்.

கேள்வி: ஜெல் போட்டால் மதியத்துக்குள் வெள்ளையாக உதிர்கிறது. பொடுகா?

பதில்: உதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் ஜெல், அப்படியே கிடந்தால் பொடுகாக இருக்கலாம். காய்ந்த படலத்தைச் சீப்பால் வாரினால் நொறுங்கத்தான் செய்யும். கொஞ்சமாகப் பூசுங்கள், காய்ந்தபின் சீப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது கடலோர ஊர். வெளியே கால் வைத்தாலே தலை பிசுக்கு.

பதில்: பிவிபி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அட்டையில் விபி/விஏ கோபாலிமர் என்று இருப்பதை வாங்கிப் பாருங்கள். அதில் பிவிபியின் மூலப்பொருளோடு (விபி) வினைல் அசிடேட்டும் (விஏ) சேர்ந்திருப்பதால் ஈரம் பிடிப்பது குறைவு.

கேள்வி: வீட்டில் ஜெல் செய்தேன். தூள் கட்டி கட்டியாக நின்றுவிட்டது.

பதில்: மொத்தமாகக் கொட்டியிருப்பீர்கள். மேல்தோல் நனைந்து பசையாகி உள்ளே மாவு காய்ந்தபடியே இருக்கும், ரவை உப்புமா கட்டி தட்டுவது மாதிரி. நானும் முதல் வாரத்தில் ஒரு பீக்கர் நிறைய இப்படிப் பண்ணி, அடுத்த நாள் காலைவரை கலக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீரை வேகமாகச் சுழலவிட்டு, சுழியின் ஓரத்தில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். அப்புறம், பிரிசர்வேட்டிவ் சேர்க்க மறக்காதீர்கள். பிவிபி கெட்டுப்போகாமல் காக்காது.

கேள்வி: உடம்புக்குள் போய்விடாதா?

பதில்: மூலக்கூறு பெரிது, தோல் வழியாக உள்ளே போகாது. விழுங்கும் மாத்திரையில் மாவைப் பிணைக்கவும் இதுதான் போடுகிறார்கள். பெட்டாடினில் அயோடினைத் தாங்கி நிற்பதும் இதுவே. ரத்தத்தில் நேராக ஏற்றுவதுதான் வேறு கதை. ஜெர்மனியில் வால்டர் ரெப்பே என்ற வேதியியலாளர் உருவாக்கிய இந்தப் பாலிமரை இரண்டாம் உலகப் போரில் பெரிஸ்டன் என்ற பெயரில், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவுக்குப் பதிலாக ஏற்றினார்கள். பெரிய மூலக்கூறுகள் சிறுநீரில் வெளியேறாமல் உறுப்புகளில் தங்கிவிட்டன, அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. தலையில் தடவுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வாமை மிக அபூர்வம், ஆனால் உண்டு.

கேள்வி: உரித்தெடுக்கும் ஃபேஸ் மாஸ்க்கும் இதுதானா?

பதில்: இல்லை. அது பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால்.

கேள்வி: தண்ணீரில் கரைகிறதே, அப்போது சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?

பதில்: கரைவது வேறு, மக்குவது வேறு. மைக்ரோபீட்ஸ் என்ற குட்டிப் பிளாஸ்டிக் மணிகள் மாதிரி மிதக்காது, சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் சாக்கடையில் போவதை நுண்ணுயிரிகள் எளிதில் தின்பதில்லை. 'இயற்கையானது' என்று யாராவது அட்டையில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.